உங்களுக்குத் தெரியுமா? கைப்பிடிச் சுவருக்கும் ஒரு கட்டளை

புது வீடு கட்டுபவர் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்பது யூதர்களுக்கு மறைநூல் கட்டளை. எழுப்பாமல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் என்கிறது அவர்களின் மறைநூலான தோரா (உபாகமம் 22:8).

• சுவரின் உயரம் பத்துக் கையகலம், ஏறக்குறைய 80 முதல் 96 செ.மீ. ஒப்புக்குக் கட்டினால் போதாது. ஆள் சாய்ந்தாலும் தாங்க வேண்டும் என்கிறார் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ். முற்றத்துக் கிணற்றுக்கும் சுவரோ மூடியோ வேண்டும். ஆள் குடியிருக்காத மாட்டுக்கொட்டிலுக்கு விலக்கு உண்டு.

• கட்டளை கூரையோடு நிற்கவில்லை. கடிக்கிற நாயை வளர்ப்பதும், ஆட்டம் கண்ட ஏணியை வீட்டில் வைத்திருப்பதும் இதே வசனப்படி குற்றம் என்று யூதச் சட்ட விளக்கநூலான தல்மூதில் ரபி நாத்தான் விரித்துரைக்கிறார்.

• இந்த வசனம் வரும் பகுதியின் பெயர் 'கீ தேத்ஸே'. தோராவின் 54 வாராந்திரப் பகுதிகளில் ஒன்று. ஆகஸ்ட்-செப்டம்பர் வாக்கில், ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படுகிறது. மரபுக் கணக்குப்படி தோராவில் உள்ள 613 கட்டளைகளில் 74 இந்த ஒரே பகுதியில் அடக்கம்.

• வழிதவறி வந்த மாட்டை உரியவரிடம் சேர்ப்பதும், கூலியாளுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கொடுப்பதும் அந்த 74 கட்டளைகளில் உண்டு.