பூ வாடுவது யாரால்?

நிலக்கோட்டையில் மூன்று மணி டீயோடு மல்லிகை வாசமும் சேர்ந்தே வரும். விடியலில் பறித்துப் பூ மார்க்கெட்டுக்கு வந்த மொட்டு, மதியத்துக்கு மேல் திண்ணைகளில் சரமாகிக்கொண்டிருக்கும். போன வாரம் அப்படி ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா ஈர வாழைநாரில் இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று வயதுப் பேத்தி மட்டும் வாசற்படியில், தனி டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"தூரமா இருக்கா. அவ தொட்டா பூ கன்னிப்போகும்" என்றார் அப்பத்தா.

டம்ளர் காலியாகும் வரை அந்தப் பிள்ளை பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நெசமாவே வாடிருமா அத்தை?"

அவளுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அப்பத்தாவிடம் ஒன்று கேட்டேன்: "உங்க பசு எத்தனை நாளைக்கு ஒரு தடவை பருவத்துக்கு வந்து கத்தும்?" யோசிக்காமல், "இருவத்தோரு நாளு" என்றார். ஆக, உடம்புக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. பசுவுக்குக் கருமுட்டை வெளியாகப் போகும் நேரம் தெருவுக்கே தெரிந்துவிடும். மனுஷிக்கு அது ஓசையில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த முட்டை கருவாகாமல் போன பிறகு வருகிற உதிரம்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தக் கணக்கு தொடங்குவது மூளையின் அடியில், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில். அது சொன்னதும் சினைப்பையில் ஒரு முட்டை முதிரத் தொடங்கும். முட்டையைச் சுற்றியுள்ள செல்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். மூடிய கைப்பிடி அளவுள்ள கர்ப்பப்பையின் உள்சுவர் அதனால் தடிக்கும். நாற்றங்காலுக்கு மண்ணைப் பக்குவப்படுத்துவது போன்ற வேலை இது. முட்டை வெளியானதும், அது இருந்த இடம் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து அந்தப் பக்குவத்தைக் காத்து நிற்கும். கரு தங்கவில்லையென்றால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு குறைந்துவிடும். உள்சுவரின் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்க, மேல்படலம் உதிர்ந்து வெளியேறும். விதை விழாத நாற்றங்காலை மறுபடி உழுது புதுசாக்குவோம் இல்லையா, அதுதான் மாதவிடாய்.

இதைக் "கெட்ட ரத்தம்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைக் கூச வைத்துவிட்டோம். கையில் முள் கிழித்தால் வருகிற அதே ரத்தம்தான் இதுவும். கூடவே கருவுக்காகக் கட்டிய மெல்லிய திசுவும் வருகிறது. இதில் ரத்தம் மட்டும் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லி, நம் டீ டம்ளரில் கால்வாசி.

இனி பூவுக்கு வருவோம். இந்த நம்பிக்கை நம் ஊர் மல்லித் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. தொண்டை அடைப்பான் நோய்க்குச் சோதனை முறை கண்ட வியன்னா டாக்டர் பேலா ஷிக், 1920-இல் இதையே அறிவியலாக எழுதினார். வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்த பூக்கள் வாடிப்போயின, அவளுக்கு அப்போது மாதவிலக்கு என்று தெரிந்ததும், அந்த நாட்களில் பெண்ணின் உடம்பில் ஒரு நஞ்சு இருக்கிறது என்றார். அதற்கு 'மெனோடாக்சின்' என்று பேரும் வைத்தார். அதன்பின் பல வருஷம் பலர் தேடினார்கள். அப்படியொரு நஞ்சு இருப்பதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

மல்லிகை ஏன் வாடுகிறது? செடியிலிருந்து பிரிந்ததுமே அது ஈரத்தை இழக்கத் தொடங்கிவிடுகிறது. சித்திரை வெயில் அதை விரைவாக்குகிறது. இரவில் மலர்ந்த பூ மறுநாள் வதங்குவது அதன் இயல்பு, யார் தொடுத்திருந்தாலும். தோட்டத்தில் செடி கெடுவது மொட்டுப்புழுவால், வேரழுகலால். வயசுக்கு வருவதைத் தமிழ் பூப்பு என்று சொல்கிறது. பூவின் பேரை அவளுக்குச் சூட்டிவிட்டு, பூவைத் தொடாதே என்றால் அந்தப் பிள்ளை எதைத்தான் நம்புவாள்?

விலக்கி வைப்பதால் வரும் பெரிய கேடு, எதையும் கேட்கும் துணிச்சலே அவளிடம் போய்விடுவதுதான். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைப் பெண்களைச் சந்தித்தார்கள். மாதவிடாய் வயிற்றுவலிக்கு வேலை நேரத்தில் பேர்கூட இல்லாத மாத்திரை கொடுத்தது அப்போது வெளியே வந்தது. என்ன மாத்திரை என்று கேட்க ஒரு பெண்ணுக்கு வாய் வரவேண்டும் என்றால், வீட்டில் அவள் அதைப் பேசிப் பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு மாதக் காலண்டரில் குறித்துவைக்கச் சொன்னேன். உதிரம் தொடங்கும் நாள்தான் முதல் நாள். அதிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். வயசுக்கு வந்து சில வருஷம் வரை 21 முதல் 45 நாள் இடைவெளி சகஜம். பெரியவர்களுக்கு 21 முதல் 35. எல்லோருக்கும் 28 என்று சட்டம் கிடையாது. இரண்டு முதல் ஏழு நாள் வரை உதிரம் இருக்கலாம். ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நாப்கின் நனைந்தாலோ, மூன்று மாதம் வராமல் நின்றாலோ, வலியால் பள்ளிக்கூடமே போக முடியாவிட்டாலோ டாக்டரிடம் போகவேண்டும். பதினைந்து வயதாகியும் வயசுக்கு வராவிட்டாலும் அப்படித்தான்.

வலி வருவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கர்ப்பப்பையை இறுக்குவதால். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தால் இதமாக இருக்கும். துணி வைப்பவர்கள் அதை மூலையில் ஒளித்து உலர்த்தாமல் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். துணியோ நாப்கினோ, எதுவானாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும். நம் மாநிலத்தில் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உண்டு. முருங்கைக்கீரையும் உளுந்தங்களியும் நல்லது. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடக்கூடாது. ஆனால் அதை டீயோடு சேர்த்து விழுங்கக்கூடாது. டீயில் உள்ள துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம்.

அப்பத்தா இவ்வளவையும் கேட்டபடி கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு முழம் முடிந்ததும் கை நின்றது.

"அப்ப முப்பது, நாப்பது வருசமா நான் தள்ளித் தள்ளி உக்காந்தது எதுக்குத்தா?"

என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மொட்டு இருந்த முறத்தை வாசற்படிப் பக்கம் தள்ளிவிட்டுப் பேத்தியைப் பார்த்தார்: "நாரு காஞ்சிருச்சு பாரு. தண்ணி தெளிச்சு எடுத்தா, பாப்பா."