கொல்லைக் கோழி – 6: கம்பு மேலே, பெட்டி கீழே

போன வாரம் கூண்டுக்குக் கூரை போட்டாயிற்று. இனி உள்ளே கைவைக்க வேண்டும். இங்கேதான் புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் சறுக்குவார்கள். குனியாமல் முட்டை எடுக்கலாமே என்று பெட்டியை இடுப்பு உயரத்தில் மாட்டிவிடுவார்கள். கோழி அதில் முட்டையிடாமல் படுத்துத் தூங்கும். விடிந்து பார்த்தால் வைக்கோல் முழுக்க எச்சம்.

கோழியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் மூதாதை செங்காட்டுக்கோழி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி, அது வேறு. இரண்டுமே பொழுது சாய்ந்ததும் மரக்கிளை தேடி ஏறும். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்தும் விடவில்லை. கூண்டுக்குள் எது உயரமோ அங்கேதான் அடையும். ஆகவே அடையும் கம்பு, பெட்டியைவிட மேலே இருக்கட்டும்.

கம்புக்கு கேளம்பாக்கத்துக்காரர்கள் அலைய வேண்டியதில்லை. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை சவுக்குக்குப் பஞ்சமா? இரண்டு அங்குலத் தடிமன் போதும். பட்டையை மட்டும் உரித்துவிடுங்கள். பகலில் பட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும் செள்ளு, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். உரித்த கம்பில் வேப்பெண்ணெய் தடவினால் இன்னும் நல்லது. வீடு கட்டியபோது மிஞ்சிய பிவிசி குழாயைக் கம்பாக மாட்டுகிறவர்களும் உண்டு. அது வழுக்கும், கோழிக்குப் பிடி கிடைக்காது. கோழிக்கு எட்டு அங்குலம் வீதம் இடம் விடுங்கள். ஏணிபோல் சாய்த்துக் கட்டினால் மேல்படிக்குத் தினமும் சண்டை நடக்கும். ஒரே மட்டத்தில் கட்டினால் அந்தப் பஞ்சாயத்து குறையும்.

உயரம் சாதியைப் பொறுத்தது. சிறுவிடை லேசான உடம்பு, மூன்றடிக்கும் தாவும். பெருவிடைக்கு ஒன்றரை அடி போதும். கனத்த உடம்போடு உயரத்திலிருந்து தினமும் குதித்தால் பாதம் வீங்கிப் புண்ணாகும்.

முட்டைப் பெட்டி நாலைந்து கோழிக்கு ஒன்று போதும். பத்துப் பெட்டி வைத்தாலும் எல்லாம் ஒன்றுக்குத்தான் வரிசையில் நிற்கும். நீளம், அகலம், உயரம் ஒவ்வோர் அடி. வைக்கோல் சிந்தாமல் வாசலில் நாலு அங்குலத் தடுப்பு. மேல்மூடியைச் சரிவாக வைத்தால் ஏறி உட்காராது. காயலான் கடையில் கிடைக்கும் பேக்கிங் மரமே போதும், ஆணியில்தான் கஞ்சம் கூடாது. உப்பளம் பக்கத்திலேயே இருக்கும் ஊர் இது. சாதா ஆணியும் மெல்லிய கோழிவலையும் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். கோவளத்தில் கிடைக்கும் பழைய மீன்வலை பருந்துக்கும் காக்கைக்கும் தடுப்பாகும். கீரிக்கும் நாய்க்கும் அது ஒரு பொருட்டே இல்லை, கடித்துவிடும். பக்கவாட்டில் கெட்டிக் கம்பிவலைதான் வேண்டும்.

பெட்டி வாசல் வடகிழக்கைப் பார்க்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் சாய்த்து அடிக்கும். வெளிச்சம் குறைந்த மூலையாகவும் பார்த்து வையுங்கள். முட்டையிட வரும் கோழிக்கு மறைவு வேண்டும். விடைக்கோழிக்கு இடம் காட்ட ஒரு கூமுட்டையை உள்ளே போட்டு வைப்பார்கள், பிங்பாங் பந்தும் ஆகும். பெரும்பாலும் முற்பகலில் இட்டுவிடும். பாம்புக்கு முந்திக்கொள்ள வேண்டுமானால் மதியத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

சிறுவிடையில் இன்னொரு வம்பு உண்டு. வெள்ளை லெகார்ன் அடைகாப்பதை ஏறக்குறைய மறந்துவிட்டது, சிறுவிடை மறக்கவில்லை. அடைக்கு உட்கார்ந்தால் பெட்டியை விட்டு நகராது. மற்றக் கோழிகளும் அதன் அடியிலேயே முட்டையிட்டுப் போகும். எது என்றைக்கு இட்டது என்றே தெரியாமல் போய்விடும். இருட்டியதும் அதைத் தூக்கித் தனி இடத்துக்கு மாற்றுங்கள், முரண்டு பிடிக்காது. வாயகன்ற பழைய மண்சட்டியில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, பத்து முட்டை. கரியால் ஆளுக்கொரு கோடு போட்டுவிட்டால் புதிதாகச் சேர்வது தெரிந்துவிடும். இடிக்குப் பயந்து பாட்டிமார் ஓரத்தில் இரும்புத்துண்டும் மிளகாயும் வைப்பார்கள். அதனால் இடி நின்றதாகத் தெரியவில்லை, கெடுதலும் இல்லை.

இருபத்தொரு நாள் கணக்கு. குஞ்சு பொரிந்த பின் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது அடுத்த வாரம். அதற்குள் நல்ல இனக் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள், காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.