பை வைத்தால் ஊசி நிற்குமா?

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஊரில் எல்லாருமே வைத்தியர்கள்தான். மிட்டாய் தின்றதால் வந்தது என்பார் ஒருவர். பாகற்காய்ச் சாறு கொடுக்கச் சொல்வார் இன்னொருவர். "வயித்துல ஒரு பை வெச்சு அதுக்குள்ள செல் போடுறாங்களாம், அப்புறம் ஊசியே வேண்டாமாம்" என்று வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டுபவர் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறார். கீரனூரிலிருந்து பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏறிப் போய் இன்சுலின் வாங்கி வரும் அம்மாவுக்கு அந்த வீடியோ எவ்வளவு பெரிய ஆசையைக் கிளப்பும்! அதில் சொல்வது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் சிக்கல்.

டைப் 1 நோயில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. அழிந்ததற்குப் பதிலாக வேறு செல்லை வைத்தால் என்ன? 2000-ஆம் ஆண்டில் கனடாவின் எட்மண்டனில் ஜேம்ஸ் ஷபிரோவின் குழு அதைச் செய்துகாட்டியது. இறந்தவர்கள் தானம் தந்த கணையத்திலிருந்து செல்களைப் பிரித்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாக 7 பேருக்குச் செலுத்தினார்கள். 7 பேரும் ஊசியை நிறுத்தினார்கள். அதே வழியில் வந்த 'லாண்டிட்ரா' சிகிச்சைக்கு 2023 ஜூனில் அமெரிக்கா அனுமதி தந்தது. அதன் ஆய்வில் 30 பேரில் 21 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். 5 பேருக்கு ஒருநாள்கூட ஊசி நிற்கவில்லை. ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த செல்களை வைத்து வெர்டெக்ஸ் நிறுவனம் நடத்திய சோதனையின் முடிவு 2025-ல் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டில் இன்சுலின் தேவைப்படவில்லை.

இவை எதிலும் பை இல்லை. ஆனால் அந்நியச் செல்லை உடம்பு தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டாக வேண்டும். தொற்று எளிதில் வரும், கிட்னி கெடலாம், சில புற்றுநோய்களின் ஆபத்தும் கூடும். ஊசியை விட்டு இதை ஏற்பது லாபமா நஷ்டமா என்பது ஆளைப் பொறுத்தது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி, உயிருக்கே ஆபத்தாகிற பெரியவர்களுக்குத்தான் லாண்டிட்ராவைத் தருகிறார்கள். ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்குச் செல் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

அந்த மருந்தைத் தவிர்க்க வந்த யோசனைதான் பை. கொசுவலை காற்றை விட்டுக் கொசுவைத் தடுப்பதுபோல, பையின் சவ்வு சர்க்கரையையும் இன்சுலினையும் விட்டு, தாக்க வரும் செல்களைத் தடுக்க வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. உடம்போ அந்தப் பையைச் சுற்றித் தழும்புத் திசுவைக் கட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் செல் ஆக்சிஜன் இல்லாமல் சாகிறது. வியாசைட் நிறுவனம் 2014-ல் மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கிய பை இதில்தான் மாட்டியது. ஸ்வீடனின் உப்சாலாவில் 4 பேருக்கு ஆக்சிஜன் நிரப்பும் கருவியோடு வைத்துப் பார்த்தார்கள். செல் பிழைத்தது, சர்க்கரை குறையவில்லை. வெர்டெக்ஸும் ஒரு பையைச் சோதித்தது. எதிர்பார்த்த அளவு இன்சுலின் சுரக்கவில்லை என்று 2025 மார்ச்சில் அதைக் கைவிட்டது. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ டைப் 1 சர்க்கரைக்கென விற்க அனுமதி பெற்ற பை ஒன்றுகூட இல்லை. (கையில் ஒட்டும் சென்சாரும் இடுப்பில் மாட்டும் இன்சுலின் பம்ப்பும் வேறு; அவை கடையில் கிடைப்பவை, அவற்றில் செல் எதுவும் இல்லை.)

இப்படியிருக்க, 'ஸ்டெம் செல் சிகிச்சை, சில லட்சம் ஆகும்' என்று ஒரு ஆஸ்பத்திரி கூப்பிட்டால்? சட்டம் இங்கே தெளிவாகவே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஸ்டெம் செல்லிலிருந்து தயாரித்த மருந்துப் பொருள் 'புதிய மருந்து'. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இல்லாமல் மனிதருக்குக் கொடுக்க முடியாது. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு.

உண்மையான சோதனை என்றால் ஆள் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் ஏறியிருக்கும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பணம் கேட்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: ஆராய்ச்சிக்கான செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறி. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், கையெழுத்திட்ட பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். அதில் வருமானமும் வாரிசு பெயரும் கேட்டால் பயப்பட வேண்டாம், பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு கணக்கிடத்தான் அது. சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உரிமை. நடுவில் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது.

எந்த மையத்தில் சேர்ந்தாலும், யார் சொன்னாலும், சர்க்கரை மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தாதீர்கள். டைப் 1 பிள்ளைக்கு ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே வாந்தி, வயிற்றுவலி, வேக மூச்சு என்று உயிருக்கு ஆபத்தாகிவிடும். செல் ஏமாற்றினால் போவது பணம், ஊசி நின்றால் போவது உயிர்.

பணம் கட்டி ஏமாந்தவர்கள், பேராசைப்பட்டதாக ஊர் பேசுமே என்று வெளியே சொல்வதில்லை. சொல்லலாம். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் ஆஸ்பத்திரி மீதும், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் டாக்டர் மீதும், மருந்து ஆய்வாளரிடம் விளம்பரம் மீதும் புகார் தரலாம். நுகர்வோர் உதவி எண் 1915. சிகிச்சை டெல்லியில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. பில் தராவிட்டாலும் ஜிபே கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு, அந்த விளம்பர வீடியோ எல்லாம் சான்றாகும், அழித்துவிடாதீர்கள். சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தந்தாக வேண்டும். அந்த மனுவின் ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.