காலையில் தோன்றினால் கடப்பாக்கம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடம் எங்கே போக ஆசை என்று கேட்டால், காசி, ராமேஸ்வரம், இல்லையென்றால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீடு என்று பதில் வரும். அதற்குத் துணைக்கு ஆள் வேண்டும், டிக்கெட் வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் தோதுப்பட வேண்டும். அத்தனையும் கூடி வருவதற்குள் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்துவிடுகிறது. நான் இங்கே சொல்ல வருவது வேறு மாதிரியான பயணம். காலையில் காபி குடிக்கும்போது மனதில் தோன்ற வேண்டும், சற்று நேரத்தில் பஸ் ஏற வேண்டும், இருட்டுவதற்குள் வீடு வந்துவிட வேண்டும். கூட யாரும் வேண்டாம், கையில் சில நூறு ரூபாய் இருந்தால் போதும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஊர் கடப்பாக்கம்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஏறக்குறைய நடுவில். இந்தச் சாலையில் பகல் முழுக்கப் பஸ் ஓடுகிறது. ஒன்றை விட்டால் அடுத்தது வரும், முன்பதிவு தேவையில்லை. நினைத்தவுடன் கிளம்புவதற்கு முக்கியமானது இதுதான். எப்படிப் போவது என்பதைவிட எப்படித் திரும்புவது என்பது நிச்சயமாகத் தெரிந்திருந்தால், மற்றதைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். சென்னைக்காரர்கள் திருவான்மியூரில் ஏறலாம். ஒன்று மட்டும் கவனம்: சென்னை–புதுச்சேரி பஸ்கள் சில திண்டிவனம் வழியாகப் போய்விடும். 'ஈ.சி.ஆர்.' என்று போர்டு பார்த்து, படியில் கால் வைக்கும் முன்பே கண்டக்டரிடம் "கடப்பாக்கம் நிக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லாத பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். இந்த மாதிரித் தொலைதூரப் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்.

சாலையிலிருந்து கடல் பக்கம் சில கிலோமீட்டர் உள்ளே போனால் ஆலம்பரைக் கோட்டை. வெயில் தாழ்ந்திருந்தால் நடக்கலாம், இல்லையென்றால் ஆட்டோ. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய மதில்கள், பாதி இடிந்து, மணலில் கால் புதைந்து நிற்கின்றன. முகலாயர் காலத்தில் எழுந்த கோட்டை இது. 1750இல் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டில், 1760இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். ஒரு காலத்தில் இங்கே துறைமுகம் இருந்தது, நாணயச்சாலையில் ஆலம்பரை வராகன் அச்சடித்தார்கள். எஞ்சியிருந்ததில் கொஞ்சத்தை 2004 சுனாமி தின்றது. சுவரின் உடைந்த பக்கத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். தட்டையான மெல்லிய செங்கற்கள், அவற்றுக்கு நடுவே கை விரல் தடிமனுக்குச் சுண்ணாம்புச் சாந்து. கும்பலாகப் போனால் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். தனியாகப் போனால் அந்தச் சாந்தைத் தடவிப் பார்க்க நேரம் கிடைக்கும். மதில் மேல் மட்டும் ஏற வேண்டாம், கற்கள் பெயர்ந்து கிடக்கின்றன.

கோட்டையை ஒட்டிக் கழி. அதற்கு அப்பால் மணல் திட்டு, பிறகு கடல். மீனவர்கள் படகில் அழைத்துப் போவார்கள். ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். தனியாளாக முழுப் படகு எடுத்தால் செலவு கூடும், இன்னொரு குடும்பம் வந்தால் சேர்ந்து போகலாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். கடலில் இறங்கிக் குளிக்கும் எண்ணமும் வேண்டாம். இந்தக் கரையில் அலை காலை வாரும், தனியாக இருக்கும்போது கை கொடுக்க ஆள் இருக்காது.

வெளியே யாரும் பேசாத ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கழிப்பிடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து, வயதான பெண்கள் பலர் பயணத்தன்று தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் இது மயக்கத்தில் கொண்டுபோய் விடும், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இன்னும் ஆபத்து. கோட்டைப் பக்கம் வசதி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஈ.சி.ஆர். ஓரத்தில் ஓட்டலில் சாப்பிட்டு, அங்கேயே கழிப்பறைக்கும் போய்விட்டு, அதன் பிறகு உள்ளே போங்கள். தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்து, மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் போனால் உடம்புக்கு நல்லது.

கடப்பாக்கம் இடைக்கழிநாடு பேரூராட்சியில் அடங்கியது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டுக்காரர். பத்துப்பாட்டில் ஒன்றான அந்த 269 அடிப் பாட்டு, வறுமையில் வாடும் ஒரு பாணனுக்கு வழி சொல்கிறது. எந்த ஊர் வழியாகப் போனால் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனை அடையலாம், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் கள்ளும் சுட்ட மீனும் தருவார்கள், வேலூரில் புளி சேர்த்த சூடான சோறு, ஆமூரில் நண்டோடு சோறு. காசில்லாதவனுக்காக எழுதிய பயண வழிகாட்டியாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். கையில் ஒன்றுமில்லாதவன் ஊர் ஊராகப் போகலாம், போகிற இடத்தில் மனிதர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்த நம்பிக்கை இந்தச் சாலையில் இன்றும் பொய்க்கவில்லை. வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழகிய பிறகு ஒரு இரவு தங்க ஆசை வரும். அங்கேதான் தனிப் பயணத்தின் செலவு ஏறுகிறது. அறை வாடகை ஆளுக்கு இல்லை, அறைக்குத்தான். பல ஊர் லாட்ஜுகளில் தனியாள் என்றாலே தயங்குகிறார்கள், முன்பே போனில் கேட்டுக்கொள்வது நல்லது. ரயிலில் போகிறவர்களுக்குப் பெரிய நிலையங்களின் ஓய்வறைகளில் டார்மிட்டரி படுக்கை உண்டு, உறுதியான டிக்கெட் இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் பதிவு செய்யலாம். மூத்தோருக்கான ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அது இல்லாமல் போனது பென்ஷன்காரர்களுக்கு உண்மையான இழப்பு. ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு நிற்கவில்லை: 60 வயது நிரம்பிய ஆண்கள், 45 வயது நிரம்பிய பெண்கள், தனியாகவோ இரண்டு பேராகவோ பதிவு செய்தால் கிடைக்கும். இங்கே கும்பலாகப் போகாததே லாபம்.

பையில் மாத்திரைச் சீட்டு, ஆதார் நகல், சில்லறை, ஒரு துண்டு, சார்ஜர். இதை எப்போதும் கட்டியே வைத்திருங்கள். பையைத் தேடி அடுக்கும் வேலையில்தான் பாதி ஆசை வடிந்துபோகிறது. பிள்ளைகளிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, தகவல் சொன்னால் போதும். "கடப்பாக்கம் போறேன், ஆறு மணிக்குள்ள வந்துடுவேன்" என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி. அவசரத்துக்கு 108, பெண்களுக்கு 181, மூத்தோர் உதவிக்கு 14567.

ஒரு முறை போய் வந்துவிட்டால் அடுத்த முறைக்குப் பாணன் போன வழியே இருக்கிறது. எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கடப்பாக்கத்திலிருந்து அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்ச தூரம்தான், சாலையோரம் உப்பளம் தெரியும். அங்கிருந்து திண்டிவனத்துக்குப் பஸ் மாறினால் நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில் வரும், இன்று அது திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே ஒரு பகுதி. பார்த்துவிட்டுத் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வந்தால் எழும்பூருக்கு ரயில் இருக்கிறது.