மாட்டைக் கேட்பவர்கள் எம்மையும் கேட்டால்…

“எல்லாரும் மாட்டைப் பற்றித்தான் கேக்கினம் அக்கா. அந்த மாடு செத்தாப் பிறகு நான் எப்பிடி வீட்டை போய்ச் சேர்ந்தனான் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

இதைச் சொன்னவர் மாட்டை இழந்த பெண் அல்ல. அந்த மாட்டைக் காப்பாற்ற வைத்திய அதிகாரியுடன் கூடச் சென்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியை. வன்னியில் ஒரு பிரதேசத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பணியாற்றுபவர்களுக்கென இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையொன்று நடைபெற்றது. உளநலம், தலைமைத்துவம், பயனாளிகளைப் புரிந்துகொள்ளல் என்பன அதன் மூன்று தலைப்புக்கள். அதற்கு வளவாளர்களில் ஒருவராக என்னையும் அழைத்திருந்தார்கள். மாட்டு வைத்தியம் பற்றி எனக்கு எதுவும் தெரியாதே என்று தயங்கினேன். “மாட்டைப் பற்றி நாங்கள் பார்த்துக்கொள்ளுறம். மனுசரைப் பற்றி நீங்கள் சொல்லுங்கோ” என்றார் பொறுப்பான வைத்திய அதிகாரி. முப்பதுகளில் உள்ள பெண் அவர்.

அந்த இரண்டு நாட்களும் கற்றுக்கொடுத்ததை விட நான் கற்றுக்கொண்டதே அதிகம். அது ஆடு, மாடு, கோழி வளர்க்கும் எமது சகோதரிகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

அலுவலகம் என்றால் ஏன் பயம்?

ஒரு பசு எமது பெண்களுக்கு என்ன என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2009இல் இடம்பெயரும்போது அவிழ்த்துவிட்ட மாடுகளைப் பின்னர் காடு காடாகத் தேடி அலைந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். மீள்குடியேறிய பின் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒரு பசுவைக் கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் உள்ளனர். கணவனைப் பறிகொடுத்த, அல்லது அவர் எங்கே என்று தெரியாத வீட்டில், காலையில் பால் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றும் மூன்று நான்கு லீற்றர் பால்தான் அன்றாடச் செலவு.

ஆயினும் அந்தப் பசுவுக்கு வருத்தம் வந்தால் அலுவலகத்துக்குப் போகப் பெண்கள் தயங்குவதை எனது களவேலையில் பலமுறை கண்டிருக்கிறேன். “போனால் ஏசுவினம்”, “எங்களுக்கு விளங்காத மாதிரிக் கதைப்பினம்” என்பதே பதில். எனவே பட்டறையின் முதல் நாளே மாடு வளர்க்கும் மூன்று பெண்களை அழைத்துச் செல்ல அனுமதி கேட்டேன். அவர்கள் விருந்தினர்களாக அல்ல, ஆசிரியர்களாக வந்தார்கள்.

“ஏன் நேற்றே வரேல்லை?”

முதலில் ஒரு சிறு நடிப்பு. கன்று ஈன்ற மறுநாள் எழும்ப முடியாமல் படுத்துவிட்ட பசுவுக்காக ஒரு பெண் அலுவலகம் வருகிறார். உத்தியோகத்தராக நடித்த இளைஞரின் முதற்கேள்வி: “ஏன் நேற்றே வரேல்லை?” பெண்ணாக நடித்தவர் உண்மையிலேயே மாடு வளர்ப்பவர். அவர் தலையைக் குனிந்து, “தெரியாது சேர்” என்றார். அடுத்த கேள்விக்கும் அதே பதில்தான்.

நடிப்பை நிறுத்தி அவரிடமே கேட்டோம், ஏன் வாய் திறக்கவில்லை என்று. அவர் சொன்னார்: “நான் நேற்றுக் கடைசிப் பிள்ளையோட கிளினிக்கில நிண்டனான். அயல் வீட்டு ஐயா சொன்ன மருந்தையும் குடுத்திட்டன். அதைச் சொன்னால் இன்னும் பேச்சு விழுமெண்டு பேசாமல் நிண்டிட்டன்.”

மண்டபத்தில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. வைத்திய அதிகாரிதான் விளக்கினார். கன்று ஈன்றவுடன் பாலில் கல்சியம் அதிகமாகப் போவதால் இரத்தத்தில் அதன் அளவு சட்டென்று குறைந்து பசு படுத்துவிடும். இதைப் பாற்காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் உடம்பு சூடாக இருப்பதில்லை, பெரும்பாலும் காதும் காலும் குளிர்ந்திருக்கும். நாளத்தில் கல்சியத்தை மெதுவாக ஏற்றினால் பல மாடுகள் சில மணித்தியாலத்துக்குள்ளேயே எழும்பிவிடும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடவும் கூடும். ஆகவே பசு எப்போது படுத்தது, அதற்கு முன் என்ன கொடுக்கப்பட்டது என்பது வைத்தியருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். “ஏன்” என்ற ஒரு சொல் அந்தத் தகவல் முழுவதற்கும் கதவை அடைத்துவிடுகிறது.

இரண்டாம் முறை அதே இளைஞர் கதிரையைக் காட்டி, “இருங்கோ அம்மா. நேற்றிலயிருந்து நடந்ததைச் சொல்லுங்கோ” என்றார். ஐந்து நிமிடத்தில் முழுக்கதையும் வந்துவிட்டது. ஏசுவதற்கு எடுத்த நேரத்தை விட இது அதிகமில்லை.

மனித வைத்தியத்தில் நோயாளியுடன் உரையாடுவதற்கென்று கல்கரி–கேம்பிரிட்ஜ் என்னும் முறை பல காலமாகக் கற்பிக்கப்படுகிறது. பிரித்தானியாவில் மிருக வைத்திய மாணவர்களுக்கும் அது சொல்லிக்கொடுக்கப்படுகிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் சாரம் எளிது. முதலில் அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேள். ஆம், இல்லை என்று முடியாத கேள்வியைக் கேள். நீ விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார். அவரால் வீட்டில் செய்யக்கூடியதையே சொல்.

இந்தக் கடைசி விடயத்தில்தான் எமது மூன்று பெண்களும் உத்தியோகத்தர்களை மடக்கினார்கள். மடியழற்சிக்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாட்களுக்கு விற்கவோ குடிக்கவோ கூடாது என்பது சரிதான். அந்தப் பாலில் மருந்து கலந்திருக்கும். “அந்த நாளையில நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது? அதையும் சேர்த்துச் சொல்லித்தாங்கோ” என்றார் ஒரு பெண். பால் உற்பத்தியாளர் சங்கத்தில் அந்த நாட்களுக்குச் சிறு முற்பணம் பெற வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க ஒரு உத்தியோகத்தர் முன்வந்தார்.

செயற்கைமுறைச் சினைப்படுத்தலும் அப்படியே. காலையில் பசு வேட்கைக்கு வந்தால் அன்று மாலையும், மாலையில் வந்தால் மறுநாள் காலையும் ஊசி போடுவது வழக்கம். தவறவிட்டால் ஏறக்குறைய 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். அது ஒரு குடும்பத்தின் பாற்காசு பின்போகும் மூன்று கிழமைகள். “நீங்கள் அழைப்பை எடுக்காட்டில் எனக்கு மூண்டு கிழமை போகுது தம்பி” என்று ஒரு அம்மா சொன்னபோது, அந்த இளைஞர் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அவர்களும் எம்மைப் போன்றவர்களே

மதிய உணவின் பின் அவர்களது முறை வந்தது. அப்போதுதான் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள வார்த்தைகளை அந்தத் தங்கை சொன்னார்.

2020இல் மாடுகளின் தோலில் கட்டி கட்டியாக எழும்பும் வைரஸ் நோய் முதன்முறையாக எமது வடக்கில் பரவியது நினைவிருக்கும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் மோட்டார் சைக்கிள் ஓடாமல், மருந்தும் கிடைக்காமல் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மண்டூஸ் சூறாவளியோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஒரு சில நாட்களில் விறைத்து இறந்தன. ஒவ்வொரு வளவாகப் போய் இறந்தவற்றை எண்ணிப் பதிவுசெய்த உத்தியோகத்தர்களில் இந்தத் தங்கையும் ஒருவர். “நான் கணக்கெடுக்கப் போன வீட்டில ஒரு அம்மா மாட்டின்ர கழுத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தவ. நான் படிவத்தை நீட்டினன். அவ என்னை மண் அள்ளித் தூத்தினா. எனக்கு 2009இல எங்கட அம்மா இருந்த இருப்புத்தான் நினைவுக்கு வந்தது. அண்டைக்கு இன்னும் ஒன்பது வீட்டுக்குப் போனனான்.”

யுத்தம் எம்மை மட்டும் தொட்டுவிட்டுப் போகவில்லை. எமக்குப் பணி செய்யும் உத்தியோகத்தர்களும் அதே பதுங்குகுழியிலிருந்து வந்தவர்களே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாத நிலையில் மனிதருக்கு ஏற்படும் வேதனையை அமெரிக்கத் தத்துவ அறிஞர் பேர்னாட் றொலின் அறநெறி அழுத்தம் என்று குறிப்பிட்டார். மிருகங்களோடு பணிபுரிபவர்களைப் பற்றியே 1980களில் அவர் இதை எழுதினார். மருந்து இருந்தால் பிழைக்கும் மாடு மருந்தில்லாமல் சாவதைப் பார்த்து நிற்பது அவ்வகையானது. சாதாரணக் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இது அப்படிப் போவதில்லை.

இதைச் சிறிய விடயம் என்று ஒதுக்க முடியாது. பிரித்தானியாவில் 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, மிருக வைத்தியர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் அளவு பொதுமக்களை விடச் சுமார் 4 மடங்கு என்று காட்டியது. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையான மரணப் பதிவுகளை ஆராய்ந்தபோது பெண் மிருக வைத்தியர்களிடையே இது சுமார் 3.5 மடங்காகவும் ஆண்களிடையே 2.1 மடங்காகவும் இருந்தது. அந்நாடுகளின் நிலைமை வேறு. அங்கு செல்லப்பிராணிகளைக் கருணைக்கொலை செய்வதும் பணியின் ஒரு பகுதி. எமது ஊரில் பசுவுக்கு அவ்வாறு செய்ய வீட்டாரும் மனம் ஒப்பார், வைத்தியரும் தயங்குவார். ஆகவே இங்கு அவர்கள் சுமப்பது வேறொரு பாரம். மாடு வலியில் கிடக்கும், வீடு அழும், கையில் ஒன்றும் இருக்காது.

தலைமைத்துவம் என்பது தனியே சுமப்பதல்ல

வைத்திய அதிகாரி எல்லாப் பொறுப்பையும் தன் தலையில் போட்டுக்கொள்பவர். “நான் களைச்சுப்போனன் எண்டு சொன்னால், பொம்பிளை எண்டபடியால்தான் ஏலாது எண்டு கதைப்பினம்” என்றார். இந்த வசனம் எங்கள் ஒவ்வொருவருக்கும் பழக்கமானதே. வீட்டுக்குத் தலைமை தாங்கும் பெண்ணும் அலுவலகத்துக்குத் தலைமை தாங்கும் பெண்ணும் ஒரே பயத்தோடுதான் வாழ்கிறார்கள்.

இரண்டாம் நாள் முடிவில் அவர்கள் தாங்களே நான்கு தீர்மானங்களை எடுத்தார்கள். காலையில் பத்து நிமிடம் கூடி முதல் நாளின் கடினமான விடயத்தை ஒருவர் சொல்வது. பெரிய இழப்பு நடந்த வீட்டுக்கு ஒருவரைத் தனியே அனுப்பாதிருப்பது. சினை ஊசிக்கான தொலைபேசியை முறை வைத்து எடுப்பது. மாதமொரு முறை மாடு வளர்க்கும் பெண்கள் இருவரை அழைத்துக் குறைகேட்பது.

மூன்று மாதத்தின் பின் அலுவலகத்துக்குப் போனேன். தொலைபேசி முறை குழம்பிப்போயிருந்தது. ஆளணி போதாது என்றார்கள், அது உண்மையும் கூட. குறைகேட்பு ஒருமுறைதான் நடந்திருந்தது. ஆனால் காலைப் பத்து நிமிடம் தொடர்ந்துகொண்டிருந்தது. “அதை விட்டால் இப்ப ஒருமாதிரிக் கிடக்கு” என்றார் வைத்திய அதிகாரி. வாசலில் இரண்டு கதிரைகளும் புதிதாகப் போடப்பட்டிருந்தன.

எமது பக்கத்தில் நாம் செய்யக்கூடியவை

1. பசு சாப்பாட்டை விட்ட நேரம், கன்று ஈன்ற நாள், வேட்கைக்கு வந்த நேரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத இயலாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

2. நாட்டு மருந்து கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். அது குற்றமல்ல, வைத்தியருக்குத் தேவையான தகவல்.

3. விளங்காவிட்டால் “திரும்பச் சொல்லுங்கோ” என்று கேளுங்கள். கேட்பது எமது உரிமை.

4. உங்களை அவமதித்தால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். பால் உற்பத்தியாளர் சங்கத்தினூடாகவோ மாதர் சங்கத்தினூடாகவோ எழுத்தில் தெரிவியுங்கள்.

5. மாடு செத்தாலும் வந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மனப்பாரம் தாங்க முடியாதபோது, அது நீங்களாயினும் அவர்களாயினும், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். பேசுவதால் யாரும் குறைந்துவிடமாட்டோம்.

அன்று திரும்பும்போது அந்தத் தங்கையைச் சந்தித்தேன். மண் அள்ளித் தூற்றிய அம்மா அண்மையில் ஆட்டுக்குத் தடுப்பூசி போட வந்தாராம். தயங்கித் தயங்கி நின்றுவிட்டு, “அண்டைக்கு உன்னில கோபமில்லைப் பிள்ளை” என்றாராம். பிறகு, “நீ அண்டைக்கு என்னத்தில வீட்டை போனனி?” என்று கேட்டாராம்.

“நான் என்ன சொல்லுறது அக்கா. ஆட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடியே அழுதிட்டன்” என்றார் அவர். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது.