கட்டற்ற இயங்குதளம்: தேர்வும் பயிற்சியும்

கொல்கத்தா மாநகரின் தென்பால் அமைந்துள்ள ஜாதவ்பூர், கல்வியாற் சிறந்த பகுதி. அந்நிய அரசின் பிடியில் இல்லாத கல்வி நம் மக்களுக்கு வேண்டும் என்று கருதிய வங்கப் பெருமக்கள் 1906ஆம் ஆண்டில் தேசியக் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அக்கழகத்தின் வழிவந்ததே 1955இல் அமைந்த ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். இப்பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் கழகமும் கூடி உழைத்து, 1966இல் ஒரு கணினியைத் தாமே அமைத்து இயக்கிக் காட்டின. இரு நிறுவனங்களின் பெயர்களையும் இணைத்து அதற்கு ஐ.எஸ்.ஐ.ஜே.யு. எனப் பெயரிட்டனர். வாங்கிய பொறியை ஓட்டுவதோடு மனநிறைவு கொள்ளாமல், அதன் உள்ளமைப்பையும் அறிந்து கொள்ள வேண்டும் என்னும் வேட்கை அம்முயற்சியில் விளங்கக் காண்கிறோம்.

அதே வேட்கையை நம் வீட்டு மேசை வரையில் கொண்டு வருவது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

பிழைப்பின் பொருட்டு ஜாதவ்பூரில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் ஏழெட்டு ஆண்டுப் பழமையான மடிக்கணினி ஒன்று இருக்கிறது. மகள் பள்ளிப் பாடங்களை அதில்தான் படிக்கிறாள். ஊரில் உள்ள தாத்தா பாட்டியின் படங்களும், குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கும் அதில்தான் உள்ளன. அக்கணினியை இயக்கி வந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. பதிவு செய்து கொண்டோர்க்குச் சிறிது கால நீட்டிப்பு உண்டு. எனினும் அது நிலையான வழி ஆகாது. அடுத்த பதிப்புக்கு மாறலாம் என்றால், அதற்கு வேண்டிய உறுப்புகள் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. பொறி நன்றாகவே ஓடுகிறது. ஆயினும் அதைத் தூக்கி எறிந்து புதியது வாங்க வேண்டுமோ என்ற கலக்கம் குடும்பத் தலைவருக்கு உண்டாகிறது. மாத வருவாயில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக, ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டிய ஒருவருக்கு இது சிறிய கவலையன்று.

இக்கலக்கத்தைத் தீர்க்க வல்லது கட்டற்ற இயங்குதளம். முதற்கண் இயங்குதளம் என்பது யாது என்று தெளிவோம். லேக் மார்க்கெட் பக்கத்தில் நம்மவர் நடத்தும் ஓர் உணவு விடுதிக்குச் செல்கிறோம். சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர், பணம் பெறுபவர் ஒருவர். இவர்கள் ஒருவரோடொருவர் மோதாமல், எந்த மேசைக்கு எது போக வேண்டும் என்று ஒழுங்கு செய்யும் மேலாளர் ஒருவர் இருக்கிறார். கணினியில் விசைப்பலகை, திரை, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றுக்கு அத்தகைய மேலாளராக இருப்பதே இயங்குதளம்.

இனி, கட்டற்றது என்பதன் பொருள். ஊரிலிருந்து அம்மா சாம்பார்ப் பொடி அனுப்புகிறார். கூடவே அதன் பக்குவத்தையும் ஒரு தாளில் எழுதி அனுப்புகிறார். பொடியைப் பயன்படுத்தலாம், அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அறியலாம், மிளகாயைக் குறைத்து நம் வாய்க்கு ஏற்ப அரைக்கலாம், அண்டை வீட்டு வங்காளி அம்மையாருக்கும் பொடியும் பக்குவமும் கொடுக்கலாம். பயன்படுத்தல், கற்றல், மாற்றியமைத்தல், பகிர்தல் என்னும் இந்நான்கு உரிமைகளையும் தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். விலையின்றிக் கிடைப்பது அதனால் விளையும் ஒரு பயன். அதன் உயிர்நாடி உரிமையே ஆகும்.

இவ்வெண்ணத்தை ஓர் இயக்கமாக்கியவர் அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன். யாவரும் கற்று மாற்றக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் ‘குனூ’ திட்டத்தை அவர் 1983இல் அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்னும் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் பிறந்தது. அக்கருவோடு வேண்டிய செயலிகளையெல்லாம் சேர்த்துப் பல குழுவினர் பல பெயர்களில் வெளியிடுகின்றனர். இவ்வாறு தொகுத்து வெளியிடப்படுவனவற்றை ‘வழங்கல்கள்’ என்பர். 1993இல் தொடங்கிய டெபியன், 2004இல் வெளிவந்த உபுண்டு, 2006இல் தோன்றிய லினக்ஸ் மின்ட் ஆகியவை இவற்றுட் சில. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் வழங்கலும் உண்டு. அது இந்திய மொழிகள் பலவற்றைக் கருத்திற் கொண்டு அமைந்தது.

வழங்கல்கள் இத்துணைப் பல எனக் கண்டவுடன் தொடங்குவோர் திகைப்பது இயல்பு. நாமும் திகைத்தோம். எது மிகச் சிறந்தது என்று தேடி, ஒரே மாதத்தில் நான்கு வழங்கல்களை மாற்றி மாற்றி நிறுவினோம். மாத இறுதியில் நிறுவும் கலை ஒன்றுதான் நமக்குத் தெரிந்திருந்தது; ஒரு கடிதம்கூட எழுதி முடித்தபாடில்லை. அப்பிழையிலிருந்து நாம் கற்றது இதுவே: தொடங்குவோர்க்கு ஏற்றது எது என்பதை மூன்று கேள்விகளால் முடிவு செய்யலாம்.

முதலாவது, நம் கணினி அதைத் தாங்குமா? லினக்ஸ் மின்ட் இயங்க 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. வன்தட்டு இடமும் குறைந்த அளவு, 4 ஜி.பி. நினைவகம் இருப்பின் இடர்ப்பாடின்றி வேலை செய்யலாம். உபுண்டுவுக்கு அதனினும் சற்று மிகுதியாக வேண்டும். மிகப் பழைய பொறியாயின், ‘எக்ஸ்எஃப்சிஇ’ என்னும் எளிய திரையமைப்போடு வரும் மின்ட் பதிப்பு பொருந்தும்.

இரண்டாவது, அதற்குத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும்? மின்ட் பதிப்புகளும், இரண்டாண்டுக்கு ஒரு முறை வரும் உபுண்டுவின் நெடுங்காலப் பதிப்பும் ஐந்தாண்டு வரையில் திருத்தங்கள் பெறுகின்றன. அடிக்கடி மாறும் பதிப்புகளைப் பயிற்சி முதிர்ந்தோர்க்கு விட்டுவிடலாம்.

மூன்றாவது, ஐயம் எழுந்தால் கேட்க ஆள் உண்டா? இதுவே தலையாயது. உறவினரோ அலுவலக நண்பரோ பல்கலைக்கழக மாணவரோ எந்த வழங்கலைப் பயன்படுத்துகிறாரோ, அதையே நாமும் எடுத்துக்கொள்வது நலம். அருகில் எவரும் இலராயின் மின்ட் அல்லது உபுண்டுவை எடுப்போம். இவற்றைப் பற்றி எழுதப்பட்ட விளக்கங்கள் ஏராளம். எடுத்ததை ஓராண்டுக்கேனும் மாற்றாதிருப்போம்.

தேர்ந்த பின், நிறுவுவதற்கு விரைய வேண்டியதில்லை. புடவைக் கடையில் விரித்துப் பார்த்து வாங்குவது போல, இதையும் நிறுவாமலே பார்க்கலாம். வழங்கலின் சொந்தத் தளத்திலிருந்து அதன் கோப்பைப் பெற்று, 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில், அதற்கென உள்ள செயலியைக் கொண்டு பதிய வேண்டும். பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது. அதைச் செருகிக் கணினியை மீண்டும் தொடங்கி, எஃப்2, எஃப்12 போன்ற விசையொன்றை அழுத்திப் பென்டிரைவிலிருந்து தொடங்குமாறு பணித்தால், புதிய இயங்குதளம் திரையில் தோன்றும். வன்தட்டில் உள்ள எதையும் நிறுவும் ஆணை தரும்வரை அது மாற்றுவதில்லை. இணையம் கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, புகைப்படக் கருவி இயங்குகிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா, தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று இரண்டு மூன்று நாள் சோதித்துப் பார்ப்போம்.

நிறைவு ஏற்பட்டால் நிறுவலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய கடமை ஒன்றுண்டு. படங்கள், கணக்குகள், சான்றிதழ்கள் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, அப்படியைத் திறந்தும் பார்த்துவிட வேண்டும். வன்தட்டு மறையாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இயங்குதளத்தை எத்தனை முறையும் நிறுவலாம். பாட்டியின் பழைய படம் ஒரு முறை போனால் போனதுதான்.

இங்கே சில வரம்புகளையும் மறைக்காமற் கூறுவது நம் கடமை. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில கணக்குச் செயலிகளும், சில இணையவழித் தேர்வுகளுக்கான செயலிகளும், மின்னொப்பச் சாவிகள் சிலவும் லினக்ஸில் ஓடாமல் போகலாம். பிழைப்பு அவற்றைச் சார்ந்திருப்பின், இரண்டு இயங்குதளங்களையும் ஒரே வன்தட்டில் அருகருகே வைத்துக்கொள்ளும் வழி உண்டு.

அடுத்தது பயிற்சி. இதற்கு முன்மாதிரியாக ஒரு தமிழரையே காட்டலாம். 1907இல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தவர் சி.வி. ராமன். பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது; மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் தோற்றுவித்த கழகம் அது. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், அலுவல் முடிந்த பின் மாலையிலும் ராமன் அங்கே சென்று ஆய்வு செய்தார். அக்கழகத்தில் 1928இல் கண்ட உண்மைக்கே 1930இல் நோபெல் பரிசு பெற்றார். அக்கழகம் பின்னர் இடம் பெயர்ந்து, இன்று ஜாதவ்பூரில் இயங்குகிறது. அத்துணைப் பெரிய சாதனை நமக்கு வேண்டியதில்லை. பிழைப்புக்கு ஓர் அலுவல், அறிவுக்கு நாள்தோறும் சிறிது பொழுது என்னும் அவ்வொழுங்கு போதும்.

நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்குவோம். முதல் வாரம் நம் வழக்கமான வேலைகளை மட்டும் புதிய இடத்தில் செய்து பழகுவோம்: உலாவியில் செய்தி படித்தல், லிப்ரே ஆபீஸ் என்னும் செயலித் தொகுதியில் கடிதம் எழுதுதல், வரவு செலவு அட்டவணை போடுதல். இரண்டாம் வாரம், வழங்கலோடு வரும் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வேண்டிய செயலியை நிறுவவும் நீக்கவும், திருத்தங்களை ஏற்கவும் கற்போம். கண்ட இடத்திலிருந்து செயலிகளை இறக்காமல் இக்களஞ்சியத்தையே நம்புவது பாதுகாப்புக்கு முதற்படி.

மூன்றாம் வாரம் தமிழ்த் தட்டச்சு. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று தமிழ்99 முறையைச் சேர்க்கலாம். தமிழக அரசு 1999இல் ஏற்ற இம்முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. மகளின் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, அதன் திரைமொழியைத் தமிழாக வைத்துப் பாருங்கள். பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளை, ‘கோப்பு’, ‘திருத்து’, ‘சேமி’ என்னும் சொற்களை நாள்தோறும் தமிழிற் காண்பாள். பாட்டிக்குத் தன் கையால் நான்கு வரி எழுதவும் தொடங்குவாள். இத்தமிழாக்கம், ஊதியம் கருதாத தன்னார்வலர் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்ததன் பயன். வங்காளத்துக்கும் ‘அங்குர்’ என்னும் குழுவினர் அவ்வாறே பாடுபட்டனர். ஆகவே ஒரே கணினி தந்தைக்குத் தமிழிலும், வீட்டுக்கு வரும் வங்க நண்பருக்கு அவர் மொழியிலும் பேசும்.

நான்காம் வாரம் முனையம் எனப்படும் கட்டளைத் திரையை அணுகுவோம். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்.எஸ்.’, கோப்புறை மாற்றும் ‘சி.டி.’, படியெடுக்கும் ‘சி.பி.’, கட்டளையின் விளக்கத்தைக் காட்டும் ‘மேன்’ ஆகிய நான்கு போதும். ‘சுடோ’ என்று தொடங்கும் கட்டளை கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் உடையது. பொருள் விளங்காத எதையும் அச்சொல்லோடு சேர்த்து இடலாகாது. பிழைச்செய்தி தோன்றினால் அஞ்சாமல் அதை அப்படியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். என்ன செய்ய விரும்பினோம், என்ன செய்தோம், என்ன செய்தி வந்தது என்று மூன்றையும் சொல்லிக் கேட்பவருக்கே விரைவில் விடை கிடைக்கும்.

தமிழிற் கற்க விரும்புவோர்க்குக் ‘கணியம்’ என்னும் இணைய இதழ் 2012 முதல் துணை நிற்கிறது. அதன் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களை விலையின்றிப் பெறலாம். சென்னையிலும் பிற ஊர்களிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு கூட்டத்துக்குச் சென்று வரலாம்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, ஒவ்வொன்றுக்கும் பிறர் கையை எதிர்பார்ப்பது எத்தகைய துன்பம் என்பது தெரியும். கணினி நின்றால் கடைக்காரர், படிவம் நிரப்ப வேண்டுமாயின் தெருமுனை நிலையத்தார் என்று பழகிவிட்டோம். உள்ளதைத் திறந்து பார்க்கவும், ஒன்றைத் தானே சரி செய்யவும், கற்றதை அடுத்த வீட்டாருக்குச் சொல்லவும் இந்த இயங்குதளம் நமக்கு உரிமை தருகிறது. பழைய மடிக்கணினியை எறியுமுன், ஒரு பென்டிரைவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலையும் அதற்காக ஒதுக்கிப் பாருங்கள். மகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். மறு வாரம் ஐயம் கேட்க வேண்டியவர் நீங்களாகவும், விடை சொல்பவள் அவளாகவும் இருக்கக் கூடும்.