குணமானவரை ஏன் தேடிப் போகிறோம்?



தொழுநோய்க்கு மருந்து முடித்து வீடு திரும்பியவர்களை எங்கள் ஊழியர்கள் ஏன் மீண்டும் மீண்டும் போய்ப் பார்க்கிறார்கள் என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கிருமியிடம் இல்லை. அதை எதிர்க்கும் நம் உடலிடமே இருக்கிறது.

1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்த இக்கிருமி மிக மந்தமானது. ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். நூறு பேரில் சுமார் 95 பேருக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தி இருப்பதால் நோய் வருவதே இல்லை. (கைகுலுக்குவதாலும் உடன் அமர்ந்து சாப்பிடுவதாலும் இது தொற்றாது. இன்னும் பலர் தயங்குவதால் சொல்லுகிறோம்.)

மற்றவர்களுக்கு என்ன நேரிடுகிறது? பல கிருமிகளை நம் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அடக்கிவிடும். தொழுநோய்க் கிருமியோ நம் அணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்கிறது. எதிர்ப்பொருள் அங்கே எட்டாது. கிருமியை விழுங்கிய அணு அதைக் கொல்ல வேண்டுமானால், 'டி' அணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் அதைத் தூண்டிவிட வேண்டும். அந்தத் தூண்டுதல் பலமாக உள்ளவருக்கு உணர்ச்சியற்ற ஓரிரு தேமல்களோடு நோய் நின்றுவிடும். அது இல்லாதவருக்குக் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகி, தோலும் காதுமடலும் தடித்துப்போகும். கிருமி ஒன்றுதான்.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, 6 அல்லது 12 மாதங்களில் கிருமியைத் தீர்த்துவிடுகிறது. ஆனால் மருந்து சாப்பிடும்போதோ, முடித்த பிறகோ, அதுவரை அடங்கியிருந்த காவல் அணுக்கள் திடீரென விழித்துக்கொள்வதுண்டு. கிருமியும், செத்த கிருமியின் மிச்சமும் தங்கியுள்ள நரம்புகள்மேல் அவை பாய்கின்றன. இதை மருத்துவர்கள் 'ரியாக்ஷன்' என்பார்கள். தேமல் சிவந்து வீங்கும். முழங்கை நரம்பு தடித்து வலிக்கும். சில நாட்களிலேயே சுண்டுவிரல் மடங்கத் தொடங்கலாம்.

நோயாளியோ, "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று எண்ணி நிறுத்திவிடுகிறார். எங்களை மிகவும் வருத்துவது இதுதான். மாத்திரையை நிறுத்தாமல் உடனே வந்தால், சில மாதங்கள் பிரெட்னிசலோன் கொடுத்து வீக்கத்தைத் தணிக்கலாம். ஆறு மாதத்திற்குட்பட்ட நரம்புப் பாதிப்பு பலருக்குச் சீராகிறது. பிந்திவிட்டால் கை மரத்தே போகும். சூடான டம்ளரைப் பிடித்தாலும் தெரியாது. விரல்கள் குறைவது கிருமி தின்பதால் அல்ல, உணர்வற்ற கையில் படும் காயங்களால்தான் என்பதை வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார்.

ஆகவேதான் ஊழியர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முழங்கை நரம்பை விரலால் தடவிப் பார்க்கிறார். சுண்டுவிரலை விரித்துக் காட்டச் சொல்கிறார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் உள்ளங்கையில் மெல்லத் தொட்டு, "எங்கே தொட்டேன்?" என்று கேட்கிறார். சென்ற தடவை காட்டிய இடத்தை இந்தத் தடவை காட்ட முடியாவிட்டால், அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்துவிடுகிறோம்.